எந்தக் கை

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஓர் அரசு ஆஸ்பத்திரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லலாம்தான். ஆனால் என் வீட்டிலும் பாத்ரூம் இருக்கிறது, தரையும் கொஞ்சம் வழவழப்பு.

அந்த ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷமாக மாவுக்கட்டு போடுகிறவர் ஏசுபாதம். டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். ஏசுபாதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், விழுந்ததா, வண்டி ஏறியதா, அடி வாங்கியதா என்று சொல்லிவிடுவார். "வழுக்கி வுழுறவன் கைய ஊணுவான். மணிக்கட்டுதான் போவும். அடி வாங்குறவன் கையத் தூக்கித் தடுப்பான். முன்னங்கைல சுண்டு வெரல் பக்கத்து எலும்பு, நட்ட நடுவுல போவும்," என்பார். இந்தப் பாடத்தை அவர் எந்தக் கோர்ட்டிலும் சொன்னதில்லை. கல்யாணப் பந்தியில் சொல்வார், பந்தியே சிரிக்கும்.

சிரிக்க விஷயமும் இருந்தது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. போலீஸ் ஒருத்தனைப் பிடிக்கும். மறுநாள் அவன் கையில் மாவுக்கட்டோடு தலையைக் குனிந்து நிற்கிற படம் டிவியிலும் எல்லாப் போனிலும் வந்துவிடும். தப்பிக்கப் பார்த்து பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று கீழே எழுதியிருக்கும். எழுதியவனும் நம்பமாட்டான், படிக்கிறவனும் நம்பமாட்டான். நம்பாமல் படிப்பதில்தான் ருசியே. சங்கிலி அறுத்தவனோ, குடித்துவிட்டுக் கத்தியைக் காட்டியவனோ, யாராக இருந்தால் என்ன, ஒரு கட்டைப் பார்த்துவிட்டால் ஊருக்கு நியாயம் கிடைத்த திருப்தி. அவன்தான் செய்தானா, கேஸ் என்ன ஆனது என்று அதற்குப் பிறகு ஒருத்தரும் கேட்பதில்லை.

இந்தப் பக்கத்தில் அப்படி வருகிற கட்டுகளில் பாதி ஏசுபாதம் போட்டவை. கட்டு காய்ந்ததும் போட்ட தேதியையும் பிரிக்கிற தேதியையும் பச்சை மார்க்கரில் அதன்மேல் எழுதுவது அவர் பழக்கம். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். படம் வந்தவுடனே அவருடைய காலனியில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் தங்கை வரலட்சுமி போனைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவரை போவாள். "எங்க அண்ணன் கட்டு டிவில வந்துகீது பாரு" என்று எல்லோருக்கும் காட்டுவாள். அப்பா காலம்வரை வேடந்தாங்கல் பக்கம் அடுத்தவன் கழனியில் நாற்று நட்ட குடும்பம். ஒருத்தர் கைவேலை டிவியில் வருகிற அளவுக்கு உயர்ந்தது அவர்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அதே படத்துக்கு நீங்களும் நானும் சிரிக்கிற பொம்மை போட்டு நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறோம், ஆகவே மேலே போவோம்.

இதில் ஓர் ஏற்பாடும் இருந்தது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் மாவுச்சுருள் தீர்ந்துபோய், ஏட்டு கிருபாகரன், கை உடைந்த ஒருத்தனை ஜீப்பில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினார். அன்றிலிருந்து முதலில் போன் செய்துவிடுவார். "அண்ணாத்த, கட்டு கீதா?" என்பார். "கீது, இட்டுகினு வாங்க" என்பார் ஏசுபாதம். ஒரு மணி நேரம் கழித்து ஜீப் வரும். போன் வருகிற நேரத்தில் அந்தக் கை எந்த நிலையில் இருக்கும் என்று ஏசுபாதம் ஒருநாளும் யோசித்ததில்லை. யாராவது துருவினால் பதில் தயாராக வைத்திருந்தார்: "நான் கட்டுறவன்பா, ஒடைக்கிறவன் இல்ல."

வரலட்சுமிக்கு ஒரே மகன், ஜெபக்குமார். இருபத்தாறு வயது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வெல்டர். சும்மா கேட் பற்றவைக்கிற வேலை இல்லை. பற்றவைத்த குழாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், உள்ளே ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தள்ளிவிடுவார்கள். ஜெபக்குமார் பற்றவைத்த குழாய் ஒன்றுகூடத் தள்ளப்பட்டதில்லை. உள்ளே போக பாஸ் வேண்டும், பாஸுக்குப் போலீஸ் சான்று வேண்டும், அதெல்லாம் வைத்திருந்தான். "நானும் எக்ஸ்ரேல பொழைக்கிறேன், நீயும் எக்ஸ்ரேல பொழைக்கிற" என்று மாமன் அவனைக் கிண்டல் செய்வார்.

அந்த வருஷம் டிவியில் எங்கோ தூரத்து நாட்டில் நாளெல்லாம் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கூடத்து டிவியிலும் அதுதான். ஒருநாள் மாமனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஜெபக்குமார் அதன்முன் நின்றுவிட்டான். தரையில் ஒரு பெண் குழந்தை. காலில் பலகை வைத்துக் கிழிந்த படுக்கை விரிப்பால் சுற்றியிருந்தார்கள்.

"பஞ்சு வெக்காம கட்டிகீறான் பாரு. புண்ணு வந்துடும்," என்றார் ஏசுபாதம்.

"பஞ்சு இருந்த ஆஸ்பத்திரி மேலதான் மாமா குண்டு போட்டானுங்க."

பெஞ்சில் சீட்டோடு காத்திருந்த ஒருவர் திரும்பினார். "சும்மாவா போடுவான் குண்டு? எதுனா பண்ணியிருப்பாங்க."

"அந்தக் கொழந்த இன்னா பண்ணியிருக்கும் சார்?"

அவர் மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். ஏசுபாதம்தான் மருமகன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். "எவனோ எவனையோ அடிச்சிக்கிறான். நமக்கின்னாடா? போய் வேலையப் பாரு."

அடுத்த மாதம் மாமல்லபுரத்துக்கு ஒரு வெளிநாட்டு அமைச்சர் வருவதாக ஏற்பாடானது. அந்தக் குண்டுகளைச் செய்து விற்கிற நாட்டின் அமைச்சர். கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போவார். சாலையோரச் சங்குக் கடைகளையும் சோளக்கதிர் வண்டிகளையும் இரண்டு நாள் முன்பே அப்புறப்படுத்தினார்கள். சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்தார்கள். ஜெபக்குமாரும் வெல்டர் நண்பர்கள் மூன்று பேரும் அந்தக் குழந்தையின் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, அமைச்சர் வருகிற சாலையில் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோஷம்கூடப் போடவில்லை. கார்கள் வருவதற்கு முன்பே அவர்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

இது ஒன்றும் ஏசுபாதத்துக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவர் அறையில் சம்பத் என்பவரின் மனைவி சகுந்தலா உட்கார்ந்திருந்தார். கூடுவாஞ்சேரியில் அறுநூறு வீட்டு அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கிறவர்கள், சம்பத் அங்கே சங்கச் செயலாளர். விடுமுறைக்கு மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்கிய இடத்தில் அந்த அம்மாள் குளியலறையில் நிஜமாகவே வழுக்கி விழுந்துவிட்டார். அமைச்சருக்காகக் கடற்கரைச் சாலையை அடைத்துவிட்டதால் சென்னைக்குப் போக வழியில்லாமல் உள்ளே திரும்பி, இந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். வலது மணிக்கட்டு.

"பாத்ரூம்ல வழுக்கினா போலீஸ்காரங்க மட்டும்தான் கூட்டிட்டு வரணும்னு இல்லையே?" என்று கேட்டுத் தானே சிரித்தார் சம்பத்.

நல்ல ரசிகர் கிடைத்த உற்சாகத்தில் ஏசுபாதம் மணிக்கட்டுப் பாடத்தை எடுத்துவிட்டார். சம்பத் விழுந்து விழுந்து சிரித்தார். அப்போது போன் அடித்தது. ஏட்டு கிருபாகரன். ஏசுபாதத்தின் கை முழுக்க ஈர மாவு, ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணாத்த, கட்டு கீதா?"

"கீது. எந்தக் கை?"

இதுவரை அவர் கேட்டதில்லை. ரசிகருக்காகக் கேட்டார். ஏட்டும் சிரித்தார். "உன் இஷ்டம் அண்ணாத்த. எது வோணும், சொல்லு."

"வலதே குடு ஏட்டய்யா. எடது கட்டிக் கட்டி சலிச்சிப்போச்சு."

சம்பத் மேஜையைத் தட்டிச் சிரித்தார். வலியோடு இருந்த சகுந்தலாவுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. நேரம் பதினொன்று பத்து.

பன்னிரண்டே காலுக்கு ஜீப் வந்தது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில், இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு இறங்கியவனை ஏசுபாதம் முதலில் சரியாகப் பார்க்கவில்லை. வாளியில் சுருளை ஊறவைத்துக்கொண்டிருந்தார். "மாமா" என்ற குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தார்.

எக்ஸ்ரே வந்தது. அவர் ஜன்னலுக்குக் கொண்டுபோகவே இல்லை. சுண்டு விரல் பக்கத்து எலும்பு, நட்ட நடுவில், இரண்டு துண்டு. பணியில் இருந்த டாக்டர் லக்ஷ்மிநாராயணன் இளவயதுக்காரர், நல்ல மாதிரி. "எப்படி ஆச்சு?" என்று சீட்டைப் பார்த்தபடியே கேட்டார். "வழுக்கிட்டாரு சார்," என்றார் கிருபாகரன். டாக்டர் அப்படியே எழுதினார். பையனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

"உன் சொந்தமா அண்ணாத்த?" கிருபாகரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவர் முகத்தில் நிஜமான சங்கடம் இருந்தது. "சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சிருந்தா?"

"எடதா பாத்திருப்பேன்."

ஏசுபாதம் பஞ்சை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். வழக்கத்தைவிட இரண்டு சுற்று கூட வைத்தார். எலும்பை இழுத்து நேராக்கும்போது ஜெபக்குமார் கத்தவில்லை, மாமனின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமும் அவர் கட்டிய கைகளின் மேல்புறம் முகங்கள் இருந்திருக்கும், ஒன்றாவது நினைவிருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் வரவில்லை. கட்டு காய்ந்ததும் தேதி எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தார். "தேதி எழுதலியா?" என்று போலீஸ்காரர் ஒருவர் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கேட்டார். எழுதினார். எழுத்து எப்போதும்போல அச்சு மாதிரியே வந்தது.

வாசல் பெஞ்சில் மனைவிக்கு மாத்திரைச் சீட்டு வாங்கக் காத்திருந்த சம்பத், போலீஸ்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். "விஐபி ரூட்டுல கலாட்டா சார்." "அப்ப நல்லா வேணும். நாட்டுக்கு ஒரு பெரிய மனுஷன் வர்ற நேரத்துல மானத்த வாங்கறானுங்க," என்றார் சம்பத். அவர் கெட்டவர் இல்லை. சங்கத்தில் வெள்ள நிவாரணத்துக்கு ஓடி ஓடி அரிசி சேர்த்தவர்.

படம் சாயங்காலத்துக்குள் காலனிக்கு வந்துவிட்டது. வரலட்சுமி பச்சை எழுத்தைத்தான் முதலில் பார்த்தாள். "எங்க அண்ணன் கட்டு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் போனை நீட்டியும்விட்டாள். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, சட்டையப் பாருக்கா" என்றாள்.

மூன்றாம் நாள் வரலட்சுமி அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மகன் சிறையில் இருந்தான். அரசு ஊழியரைத் தாக்கியதாக வழக்கு. நிரூபணமானால் பாஸ் போய்விடும், பாஸ் போனால் வேலை போய்விடும். செங்கல்பட்டு வக்கீல் அனு என்கிற பெண் அவனுக்காக ஆஜராக ஒத்துக்கொண்டிருந்தார். போலீஸ்தான் கையை உடைத்தது என்று காட்டினால் வழக்கு நிற்காது என்றார். காட்ட ஆள் வேண்டும்.

"நீ பாத்தத சொல்லுண்ணா. அது போதும்."

அது போதாது என்று ஏசுபாதத்துக்குத் தெரியும். எலும்பு எப்படி வேண்டுமானாலும் உடையும் என்று அவர்கள் ஒரு டாக்டரை வைத்துச் சொல்வார்கள். ஆனால் அவரிடம் வேறொன்று இருந்தது. அவர் போனை விற்ற கடைக்காரன், வருகிற பேச்செல்லாம் தானாகப் பதிவாகும்படி வைத்துக் கொடுத்திருந்தான். பதினொன்று பத்துக்கு வந்த பேச்சு உள்ளே இருந்தது. கை உடைவதற்கு முன்பே கட்டுக்குச் சொல்லிவைத்த பேச்சு. கூடவே எந்தக் கை என்று ஏசுபாதம் கேட்டதும், வலது என்று அவரே சொன்னதும் இருந்தது.

முதலில் போன் கடைக்குத்தான் போனார். எந்தக் கை என்று தான் கேட்டதிலிருந்து கடைசிவரை வெட்டி எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். வெட்டிக் கொடுத்தான். அனு அதைக் கேட்டுவிட்டு, "வெட்டினது கோர்ட்ல நிக்காது. முழுசா குடுங்க, இல்லைன்னா வேண்டாம்," என்றார். ஏசுபாதம் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் தங்கை. பிறகு போனை எடுத்து முழுவதையும் ஓடவிட்டார்.

வரலட்சுமி இன்னொரு தடவை போடச் சொன்னாள். கேட்டாள். "சிரிச்சிகினே சொல்றியேண்ணா," என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் தனி சீட்டில் உட்கார்ந்தாள். இறங்குகிற நேரத்தில் மட்டும், அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "வேற எவ புள்ளையா இருந்தாலும் நானும் கூடவே சிரிச்சிருப்பேன். அதான் வயிறு எரியுது."

அனு முழுப் பதிவையும் கோர்ட்டில் தாக்கல் செய்தார், ஜெபக்குமாருக்கு ஜாமீன் கிடைத்தது. பதிவு எப்படியோ வெளியே போனது. அனு கொடுக்கவில்லை என்றார், கோர்ட்டில் யார் கையிலிருந்து நழுவியதோ. ஏசுபாதம் பயந்து காத்திருந்தார். ஊர் காறித் துப்பும், வேலை போகும், போகட்டும், அந்தப் பையன் தப்பித்தால் போதும் என்று நினைத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

ஊர் துப்பவில்லை, ரசித்தது. "வலதே குடு ஏட்டய்யா" என்பதற்கு மேளம் சேர்த்து யாரோ பாட்டாக்கினார்கள். கல்லூரிப் பையன்கள் அதற்கு வாயசைத்து வீடியோ போட்டார்கள். ஒரு பிரியாணிக் கடை, கோழியில் எந்தக் கால் வேண்டும், வலதா இடதா என்று விளம்பரம் செய்தது. விசாரணை நடத்தி கிருபாகரனை முட்டுக்காடு படகுத்துறைக்குப் பாதுகாப்புப் பணிக்கு மாற்றினார்கள். நல்ல காற்று, குடும்பத்தோடு போகலாம். கட்டுப் போட வருகிறவர்கள் ஏசுபாதத்தின் குரலைக் கேட்டதும், "அது நீங்கதானா?" என்று வலியை மறந்தார்கள்.

ஆறு வாரம் முடிந்தது. ஒரே நாளில் போட்ட கட்டுகள், ஒரே நாளில் பிரிக்க வந்தன. சகுந்தலாவின் மணிக்கட்டு நன்றாகக் கூடியிருந்தது. அடுத்தது ஜெபக்குமார். சுற்று ரம்பத்தால் கட்டை அறுத்து, பஞ்சை உரித்து, "மடக்குடா" என்றார் ஏசுபாதம். மூன்று விரல்கள் மடங்கின. மோதிர விரலும் சுண்டு விரலும் அப்படியே நின்றன. நரம்பு அடிபட்டிருந்தது. அவர் தன் விரலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடியில் பலமே இல்லை.

சம்பத் இன்னும் போகவில்லை. "சார், எங்க குரூப்ல அறுநூறு வீடும் உங்க ஃபேன். நான் அப்ப அந்த ரூம்லயே இருந்தேன்னு சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டேங்கறான். அந்த வசனத்த ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன், எடுத்துக்கறேன்." போனைத் தூக்கிப் பிடித்தார்.

"அந்தக் கை இதுதான் சார்," என்றார் ஏசுபாதம். தன் கையில் இருந்த கையை விடவில்லை. "என் தங்கச்சி புள்ள."

சம்பத்தின் போன் கொஞ்சம் தாழ்ந்தது. சகுந்தலா அந்த இரண்டு விரல்களைப் பார்த்தார். "என்னங்க, வாங்க போலாம்," என்றார். சம்பத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சொந்தப் பையன்னு தெரிஞ்சும் டியூட்டி பாத்தீங்க பாருங்க, அது பெரிய விஷயம் சார். தம்பி, நீங்களும் மனசுல வச்சுக்காதீங்க. நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க, ஒரே ஒரு போட்டோ."

மருமகன் செருப்பைக் கழற்றி அடிக்கட்டும் என்று ஏசுபாதம் மனசார வேண்டிக்கொண்டார். சம்பத்தை அடித்தாலும் சரி, தன்னை அடித்தாலும் சரி. ஜெபக்குமார் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு மாமன் பக்கத்தில் வந்து நின்றான்.

"எடுத்துக்குங்க சார்," என்றான்.

பிறகு மாமன் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்: "நேத்து ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன் மாமா. பாத்ரூம்ல வழுக்கிதான் வுழுந்தேன்னு. நீங்க போன்ல பேசுனது சும்மா தமாசுன்னும் சேத்து எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன். அவங்க கேஸ எடுத்துட்டா, நிறுத்தி வெச்ச பாஸ குடுத்துடுவாங்களாம்."

"டேய், பாஸ வெச்சிகினு இன்னாடா பண்ணுவ? இந்தக் கையில எப்பிடிடா வெல்டிங் புடிப்ப?"

"உள்ள இரும்பு தூக்குற வேலை கீதாம். சிரிங்க மாமா, பாக்குறாரு."

ஏசுபாதம் சிரித்தார். சம்பத் இரண்டு எடுத்துப் பார்த்துவிட்டு, முதலாவதுதான் நன்றாக வந்திருக்கிறது என்றார்.